தண்ணீர் தங்காத தொட்டி

பூட்டுக்காரர் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஒரு வாரத்துக்குள் சகலத்துக்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது. பூட்டில்லாமல் மிச்சமிருந்தது மாப்பிள்ளையின் வாய் ஒன்றுதான். அதுவும், நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து தலையணையில் சாய்ந்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்பதால் விட்டுவைத்தார்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். தங்கை ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். காலையில் போனால் ஊரார் பற்களையெல்லாம் எண்ணிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவாள். அவர்களுக்கு இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தை ஒன்று. நடக்கத் தெரியாமலே ஓடக் கற்றுக்கொண்டு வீடு முழுக்க உருண்டு திரிந்ததால் பட்டாணி என்று பேர் வந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பட்டாணியைக் காப்பகத்தில் விட ஏற்பாடு நடந்த சமயத்தில்தான், கல்யாணமே வேண்டாமென்று இரும்போடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பூட்டுக்காரர், நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கோபித்துக்கொண்டு கடையை மூட்டை கட்டித் தூக்கிவந்து, மாடி வீட்டின் முன்னறையில் பரப்பினார். ரம்பப்பல் சக்கரமும் அரங்களும் சாவிக் கொத்துகளுமாக அந்த அறை ஒரே நாளில் ராட்சசனின் வாய் போலாகிவிட்டது.

தங்கை சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணே, வீட்டையே தலைகீழாப் புரட்டிப் போடு, கேக்க மாட்டேன். ஆனா பாத்ரூம் பக்கம் அவ தனியா ஒரு தடவை போனான்னு எனக்குத் தெரிஞ்சுது, மறுநாளே காப்பகம்தான். நீயும் உன் கடையும் ஊரப் பாத்துக் கெளம்ப வேண்டியதுதான்."

அது போதும். பட்டாணி முதன்முதலில் "மாமா" என்று சொன்னபோது இந்த மனுஷர் அந்தச் சந்தோஷத்தில் மூன்று வாடிக்கையாளருக்குத் தப்பான சாவி வெட்டிக் கொடுத்தவர். அதைப் பிரிந்து போய் எங்கே இருப்பது?

ஆகவே பூட்டினார். பினாயிலும் சோப்புத்தூளும் சவரக்கத்தியும் மாத்திரைகளும் கூரையை இடிக்கும் உயரத்தில் ஓர் அலமாரிக்குப் போயின, அதற்குப் பூட்டு. கழிவறை மூடிக்குப் பூட்டு. வெந்நீர் பாய்லரின் திருகுக்கு ஒரு பித்தளைத் தொப்பி, தொப்பிக்குப் பூட்டு. வாளிகளைக் கவிழ்த்து, கைப்பிடிகளைச் சங்கிலியில் கோத்து, சங்கிலிக்குப் பூட்டு. குளியலறைக் கதவுக்கு வெளியே, பெரியவர்களே எக்கித் தொடும் உயரத்தில், வரிசையாக மூன்று. ஒரு காலை மாப்பிள்ளைக்கு வயிறு கலக்கியது. சிறைக் காவலர்போல் சாவிக் கொத்தோடு கதவை வென்று உள்ளே போனவருக்கு, மூடிக்கான சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஒரு துறவியின் அமைதி படர்ந்ததாம். தேட வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது.

"மச்சான்," என்றார் வெளியே வந்து, "அடுத்த தடவை முன்கூட்டியே மனு எழுதிக் குடுத்துர்றேன்."

பூட்டுக்காரருக்கு இன்னொரு தொழில்பழக்கமும் உண்டு. துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. குளியலறைக் கதவின் உள்பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருந்த தாழ்ப்பாள் இரும்பு. குடிவந்தபோது அதைப் போட மாப்பிள்ளையே இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவார். பூட்டுக்காரர் அதைக் கழற்றி, தேய்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி விட்டு, ஒரு சுண்டுவிரலால் தள்ளினாலே வெண்ணெயில் போவதுபோல் போகும்படி செய்துவிட்டு, தள்ளித் தள்ளிப் பார்த்து ரசித்தார். இரண்டு கை பலம் கேட்ட அந்தத் துருதான் அத்தனை நாளும் பட்டாணிக்குக் காவலாக இருந்தது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. வெளியிலிருந்து உள்ளே போகவிடாமல் தடுப்பதிலேயே புத்தி இருந்தது. உள்ளே போனவர் உள்ளிருந்து பூட்டிக்கொள்வதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இனி தொட்டிக்கு வருவோம்.

குளியலறையின் மூலையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டுத் தொட்டி. பெரியவர்களுக்கு இடுப்புயரம். முன்னால் ஒரு படி. அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வரும். அப்போதே தொட்டியை நிரப்பினால்தான் உண்டு. அடியில் ஓட்டை, ஓட்டைக்குத் துணி சுற்றிய மரக்கட்டை அடைப்பு. தங்கை நிரப்புவாள். அவள் தலைவாரி முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். அடைப்பு ஜன்னல் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும், யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததுபோல.

மாப்பிள்ளை தங்கையைச் சொன்னார், தங்கை அண்ணனைச் சொன்னாள், அண்ணன் அடைப்பைச் சொன்னார். மெழுகு வைத்து அடைத்தார். களிமண் வைத்து அடைத்தார். ரப்பரைச் சுற்றிச் சுத்தியலால் அடித்து இறக்கினார். யானை வந்து இழுத்தாலும் வராது என்று சத்தியம் செய்தார். யானை வரவில்லை, அடைப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் மூன்று பூட்டையும் பூட்டிவிட்டு, கதவுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த பகல். கதவுக்கடியிலிருந்து மட்டும் ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் குளிர் வந்து அவர் கால்விரல்களைத் தொட்டது. பிறகு உள்ளே கொடகொடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம்.

திறந்தார். ஆளில்லை. தொட்டி காலி. ஜன்னல் விளிம்பில் நின்ற அடைப்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பட்டாணி தொட்டி இருந்த மூலையைப் பார்த்துக் கையசைத்து "டாட்டா" என்றது. பிறகு தலையைச் சாய்த்து, பெரிய மனுஷியாட்டம் எதையோ காதுகொடுத்துக் கேட்டு, சரி சரி என்று தலையாட்டியது.

பூட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மாள் அந்தக் கட்டடத்தில் தையல் மெஷினுக்கே மூத்தவள். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், கதையைச் சொல்லிவிட்டாள். முன்பு மாடியில் ஒருத்தி இருந்தாள். பட்டாணி வயதில் ஒரு பையன். அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் போன் அடித்திருக்கிறது. யாரோ உறவுக்காரர், இரண்டே வார்த்தைதான் பேசினாளாம். திரும்பி வந்தபோது தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச காலத்தில் மூச்சும் நின்றது. அன்றிலிருந்து எந்தக் குடித்தனம் வந்தாலும் அந்தத் தொட்டியில் தண்ணீர் தங்கியதில்லை. வந்தவர்கள் எல்லாரும் வெளியே வராந்தாவில் மூடி போட்ட டிரம் ஒன்று வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.

குண்டூசிகளை எடுத்துவிட்டு மீதியைச் சொன்னாள். "அவ உயிரு ஆஸ்பத்திரியிலதான் போச்சு, தம்பி. ஆனா கண்ணு இன்னும் அந்தத் தொட்டிமேலயேதான் இருக்கு. அவளோட மல்லுக்கு நிக்காத. ஒரு டிரம்ம வாங்கி வச்சிட்டுப் போ."

நல்ல யோசனை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஆனால் பூட்டுக்காரருக்குள் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது: தான் மூடியதைத் தன் சாவி இல்லாமல் இன்னொருத்தர் திறப்பதா? உயிரோடு இருக்கிறவன் எவனுக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை. செத்தவளுக்கு வரலாமா?

வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பித்தளையில் ஓர் அடைப்பு செய்தார். கீழே இறங்கியதும் இறக்கை விரித்து ஓட்டைக்கடியில் கவ்விக்கொள்ளும். மேலே ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்குள், ஆறும் ஒருசேர எழும்பினால்தான் திறக்கிற ஆறு தகடுகள். ஒரு நாட்டின் கஜானாவுக்கே அதைப் போடலாம். போட்டால் அந்த நாட்டு ராஜாவே தன் பணத்தைப் பார்க்க அவரிடம்தான் வரவேண்டும். சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

தொட்டியில் தண்ணீர் நின்றது.

நாள் முழுக்க நின்றது. தங்கை சந்தோஷப்பட்டாள். மாப்பிள்ளை குடம் குடமாக ஊற்றிக்கொண்டு பாடினார். ஆனால் அவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின் வீட்டில் இருந்தவர் பூட்டுக்காரர்தானே, அவருக்குத்தான் கேட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் நகத்தால் உலோகத்தைப் பிறாண்டும் சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி பிறாண்டும். தண்ணீருக்கடியில் கைவிட்டுத் தேடுகிறவர்களின் வளையல் சுவரில் இடிப்பதுபோல் ஒரு சத்தம். சாவி வெட்டிக்கொண்டே பூட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "இழும்மா, நல்லா இழு," என்று உள்பக்கம் பார்த்துச் சொல்வார். சொல்லும்போது குரல் சின்னதாகத்தான் வரும், ஆனாலும் சொல்லுவார்.

பட்டாணி டாட்டா சொல்வதை நிறுத்திவிட்டது. கதவின் முன் போய் நின்று, உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கி அழுதது.

ஒருநாள் முற்பகல். குளிப்பாட்டும் நேரம். பூட்டுக்காரர் அகலமான பேசினில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அப்புறம் வெந்நீரைக் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, ரப்பர் விரிப்பைக் காலால் மிதித்துப் பார்த்து, குழந்தையை உட்காரவைத்து, பாதிச் சோப்புப் போட்டிருக்கையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தனியே விடக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போனார். கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து மிச்சத்தைக் குளிப்பாட்டப் போகிறோம், ஒரு நிமிஷத்துக்கு மூன்று பூட்டா என்று அவற்றைப் பூட்டாமல் தொங்கவிட்டார்.

வந்தவர் ஒரு பழைய சாமான் வியாபாரி. கையில் ஒரு பூட்டு. மீன் வடிவம், உள்ளங்கையளவு, செதில் செதிலாகச் செதுக்கியிருந்தது. சாவி போடும் ஓட்டையே கிடையாது. ஊரிலுள்ள பூட்டுக்காரர்களெல்லாம் கைவிட்டுவிட்டார்கள் என்றார் வியாபாரி. அந்த ஒரு வாக்கியம் போதாதா? பூட்டுக்காரர் பட்டாணியைத் தரையில் இறக்கி, விளையாடப் பழைய சாவிக் கொத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு மீனை வாங்கினார். வாலைத் திருகினார். கண்ணை அமுக்கினார். காதில் வைத்துக் குலுக்கிக் கேட்டார். வயிற்றுத் துடுப்பு ஒரு நூலளவு அசைந்தபோது அவருக்கு உலகமே அசைந்தது. துடுப்பை ஒதுக்கினால் அதற்குள் ஒரு செதில், செதிலை நகர்த்தினால் அதற்கடியில் அந்த ஓட்டை, ஒளிந்துகொண்டிருந்த புதுப்பெண்ணாட்டம்.

"பாத்தீங்களா," என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

சாவிக் கொத்து தரையில் கிடந்தது. துண்டு நடைவழியில் கிடந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த நடைவழி நீளம் என்ன, நாலு எட்டு இருக்கும். அன்றைக்கு அது ஓடி முடியாத தூரமாக இருந்தது. கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, அவர் எண்ணெய் விட்டுச் செல்லம் கொஞ்சிய தாழ்ப்பாள். பட்டாணிக்கு அதைத் தள்ளத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இழுக்கத் தெரியாது என்பதும் கூடவே தெரிந்தது.

"பட்டாணி."

தண்ணீரில் ஏதோ அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு இரும்புப் பெட்டகங்களைத் திறந்தவர். அன்று ஒரு திருப்புளியைக் கதவிடுக்கில் நுழைக்க முடியவில்லை. தோளால் இடித்தார். வியாபாரி ஓடிவந்து அவரும் இடித்தார். கதவு கெட்டி, இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்று இரும்புப் பட்டை அடித்தவர் இவர்தான். நெற்றியைக் கதவில் வைத்து, வாய் பலகையில் உரச, உள்ளே இருந்தவளிடம் பேசினார்.

"அம்மா, தப்பு எம்மேலதான். என் பூட்டு கெடக்கட்டும். புள்ளைய எடுங்கம்மா."

பிறாண்டும் சத்தம் ஆரம்பித்தது. நகம் இல்லை இப்போது. யாரோ உடம்பு முழுக்கப் பலத்தைக் கூட்டி இழுக்கிற சத்தம். சுவர் முனகியது. மேலே விளக்கு ஆடியது. பிறகு ஒரே ஒரு தடவை, ஒரு பெருமூச்சுபோல, கொட் என்று வந்தது. தொடர்ந்து கொடகொடவென்று ஒரு குளமே வடிந்தாற்போல் தண்ணீர் இறங்கியது. கீழே சந்தில் குழாய் வழியாகக் கொட்டிய கொட்டில், தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாளாம்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. அவசரமில்லாமல், ஓசையில்லாமல், கடைசிவரை. கதவு தானாகத் திறந்தது.

காலித் தொட்டியின் அடியில் பட்டாணி உட்கார்ந்திருந்தது. உச்சிமுடி முதல் நனைந்து, இருமிக்கொண்டிருந்தது. இருமல் நின்றதும் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல் இனிய சங்கீதம் பூட்டுக்காரர் பிறகு கேட்டதில்லை. குழந்தையின் மடியில் அந்தப் பித்தளை அடைப்பு. இறக்கை விரிந்தபடி இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அவர் கையை நீட்டினார். பட்டாணி அவரைப் பார்க்காமல், மூலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது, தூக்கிக்கொள் என்று. அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் விரலாகச் சிவந்திருந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார், ஐஸாகக் குளிர்ந்தது.

அப்படியே அள்ளிக்கொண்டு, மீனையும் வியாபாரியையும் கடையையும் திறந்தபடி போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, பொழுது சாயும்வரை அங்கேயே வைத்திருந்து, நுரையீரலில் தண்ணீர் இல்லை, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் காலில் செருப்பில்லை என்பது தெரிந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்துவிட்டார்கள். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். வியாபாரி வாய் திறக்கிற ஆளில்லை. தையல்காரம்மா சொன்ன கதையிலிருந்து மீன் பூட்டுவரை எதையும் விடாமல் சொன்னார்.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"பூட்டைப் பாத்த கண்ணுல பாதியாவது புள்ளையப் பாத்துச்சா, அண்ணே?"



வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். அவள் ஏதோ பேசுவது கேட்டது. நிறுத்துவாள், கேட்டுக்கொள்வாள், மறுபடி பேசுவாள். மாப்பிள்ளை மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரர் அரங்களையும் சாவிகளையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூட்டையைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட? நாளைக்கு அந்தத் தொட்டிய ஒடைக்கணும். ஆளு வேணும்."

"அப்ப காப்பகம்?"

"காப்பகம் வேணாம். ஆனா உன்னை நம்பி விடல," என்றாள். "வீட்ல இன்னொருத்தங்க இருக்காங்களே, அவங்கள நம்பி விடறேன். உன்னையும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லிருக்கேன்."

மறுநாள் உடைத்தார்கள். மாப்பிள்ளை சம்மட்டியை ஓங்கி அடித்த அடியில் தெருவே அதிர்ந்தது. பூட்டுக்காரர் உடைந்த துண்டுகளைக் கூடை கூடையாகச் சுமந்து இறக்கினார். உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். வராந்தாவில் மூடி போட்ட டிரம் வந்தது. மருந்து அலமாரிக்கும் கதவின் வெளிப்பக்கத்துக்கும் மட்டும் ஒவ்வொரு பூட்டு விட்டுவைக்கப்பட்டது. கழிவறை மூடிக்கு விடுதலை கிடைத்தபோது மாப்பிள்ளை அதற்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மூலை வெறுமையாகிவிட்டது. அவள் போய்விட்டாளா, இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. காலிசெய்யத் தொட்டி இல்லாதபோது அவளுக்கு இங்கே என்ன வேலை என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். நினைக்கும்போது நிம்மதியாக இருக்காது, பயமாகவும் இருக்காது. துணைக்கு ஆளில்லாத மாதிரி இருக்கும்.

சில நாள் கழித்து ஒரு முற்பகல். பட்டாணி பேசினில் உட்கார்ந்து, நாலு விரல் தண்ணீரை ஊரெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தட்டினார்கள். பூட்டுக்காரரே, அவசரம், வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று ஒரு குரல். அவர் முழங்கால்கள் தொழில்பழக்கத்தில் தானாக எழப் பார்த்தன. குழந்தையின் முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்," என்று உள்ளிருந்தே சொன்னார். "நிக்க முடிஞ்சா நில்லுங்க."

மறுபடி தட்டினார்கள். காத்திருந்தார்கள். திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

அப்போது, மூலையில், ரொம்ப நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்றை யாரோ மெல்ல மெல்ல வெளியே விட்டார்கள். அது பட்டாணியின் மூச்சு இல்லை. அவருடையதும் இல்லை.

பூட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் இன்னும் சோப்பு இருந்தது. கண்ணில் வழியாதபடி நெற்றியில் கையை அணைகொடுத்து, தண்ணீரை மொண்டு ஊற்றினார்.